பெற்றோர் பணம் தந்தால் கல்லூரி நிதியுதவி குறையுமா? அமெரிக்காவில் தனித்து விண்ணப்பிக்கும் மாணவருக்கான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் பெற்றோரின் வருமானத்தைக் காட்டாமல் தம் பெயரில் மட்டும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்ற மாணவர்களிடம் ஓர் அச்சம் பரவலாக இருக்கிறது. அம்மா அனுப்பும் வாடகைப் பணமும் அப்பா கட்டும் கார் காப்பீடும் கல்லூரிக்குத் தெரிந்தால் உதவி பறிபோய்விடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதனால் சிலர் தமக்கு மிகவும் தேவையான உதவியை வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் வாங்கிக்கொண்டு அதை மறைக்க வழி தேடுகிறார்கள். இரண்டுக்குமே பெரும்பாலும் தேவை இல்லை. பெற்றோர் பணம் தருகிறார்களா என்பதை விட, அந்தப் பணம் எந்த வடிவில் வருகிறது, விண்ணப்பம் அனுப்பும் நாளில் அது எங்கே இருக்கிறது, கல்லூரி எந்தப் படிவத்தைக் கேட்கிறது என்பவையே நிதியுதவியைத் தீர்மானிக்கின்றன.

தொடங்குமுன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் வருமானத்தைப் படிவத்தில் காட்ட வேண்டுமா என்பது முதற்கேள்வி. பெற்றோர் கையிலிருந்து வரும் பணம் மாணவருடைய வருமானமாகவோ சொத்தாகவோ கணக்கில் ஏறுமா என்பது இரண்டாவது. இவற்றைக் குழப்பிக்கொள்வதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1992-இல் உயர்கல்விச் சட்டம் திருத்தப்படுவதற்கு முன்பு, பெற்றோர் தம் வரிக் கணக்கில் மாணவரைத் தம்மைச் சார்ந்தவராகச் சேர்த்திருக்கிறார்களா, மாணவர் தம் சொந்த வருவாயில் வாழ்கிறாரா என்பவையும் தகுதியைத் தீர்மானிப்பதில் இடம்பெற்றிருந்தன. அந்த விதி போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், ‘நானே சம்பாதித்து நானே செலவு செய்கிறேன், ஆகவே நான் சார்பற்றவன்’ என்ற எண்ணம் இன்றும் மாணவர்களிடம் அப்படியே இருக்கிறது.

முதற்படி: உங்கள் தகுதியை உறுதிசெய்யுங்கள்

கூட்டாட்சி அரசின் உதவிக்கான ஒரே விண்ணப்பம் ஃபாஃப்ஸா. அதில் ‘சார்பற்ற மாணவர்’, அதாவது பெற்றோரின் வருமானத்தைக் காட்டத் தேவையில்லாதவர், என்று கருதப்படுவதற்கான வழிகள் சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. 2026-27 கல்வியாண்டுக்கு, 2003 ஜனவரி 1-க்கு முன்பு பிறந்தவர்கள் வயதை வைத்தே தகுதி பெறுகிறார்கள். திருமணமாகிச் சேர்ந்து வாழ்பவர்கள், முதுகலை அல்லது முனைவர் பட்டம் போன்ற மேற்படிப்பில் இருப்பவர்கள், ராணுவப் பணியில் இருப்பவர்கள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோரும் தகுதியுடையவர்கள். 13 வயதுக்குப் பிறகு எப்போதேனும் பெற்றோர் இருவரையும் இழந்த நிலையிலோ, அரசின் வளர்ப்புப் பராமரிப்பிலோ, நீதிமன்றப் பொறுப்பிலோ இருந்தவர்களும், நீதிமன்ற ஆணைப்படி பெற்றோர் அல்லாத ஒருவரின் சட்டப்பூர்வப் பாதுகாவலில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்களும், சட்டப்படி விடுவிக்கப்பட்ட சிறாரும், பெற்றோர் துணையின்றி வீடிழந்து வாழும் இளையோரும் இந்தப் பட்டியலில் அடங்குவர். குழந்தையோ வேறொருவரோ தம்மைச் சார்ந்திருந்து, அவருடைய செலவில் பாதிக்கு மேல் தாமே ஏற்பவர்களுக்கும் தகுதி உண்டு.

இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும். ஒன்றும் பொருந்தாவிட்டால், நீங்கள் தனி வீட்டில் வசித்தாலும், மூன்று ஆண்டுகளாகப் பெற்றோரிடம் ஒரு டாலர்கூட வாங்காமல் இருந்தாலும், உங்கள் வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்தாலும், நீங்கள் சார்ந்த மாணவர்தான். 24 வயது நிறைந்த ஒருவருக்கு இதற்கு நேர்மாறான நிலை: அவருடைய வாடகை, உணவு, கல்விக் கட்டணம் எல்லாவற்றையும் பெற்றோரே ஏற்றாலும் அவர் சார்பற்ற மாணவர். பெற்றோர் அவரைத் தம் வரிக் கணக்கில் சேர்த்திருந்தாலும் ஃபாஃப்ஸாவில் அந்தத் தகுதி மாறாது.

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு சூழலை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கிரீன் கார்டு பெற்ற 20 வயது மாணவர் ஒருவர் நியூஜெர்சியில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறார்; பெற்றோர் மதுரையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதால் மட்டும் அவர் சார்பற்றவராகிவிடுவதில்லை. செலவையெல்லாம் சித்தப்பா பார்த்துக்கொண்டாலும், நீதிமன்ற ஆணை இல்லாதவரை அவர் பாதுகாவலர் ஆகமாட்டார். படிவத்தில் பெற்றோரின் இடத்தில் அவருடைய வருமானத்தை எழுதவும் கூடாது. மதுரையில் இருக்கும் பெற்றோர் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமலேயே இணையத்தில் கணக்குத் தொடங்கித் தம் பகுதியை நிரப்பலாம். ரூபாய் வருமானத்தை டாலராக மாற்றிக் காட்ட வேண்டும். எஃப்-1 (மாணவர்), எச்-4 (விசாவில் பணிபுரிபவரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சி உதவி கிடையாது என்பதால், அவர்கள் இந்தக் கணக்குகளுக்குள் நுழையுமுன் கல்லூரியின் சொந்த உதவித்தொகைகளைப் பற்றி விசாரிப்பது நல்லது.

குழந்தை வளர்க்கும் மாணவர் கவனிக்க வேண்டியது

மேலே சொன்ன வழிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் ஒன்றே போதும். பெற்றோரின் பண உதவி தகுதியையே அசைத்துவிடக்கூடிய இடம் முக்கியமாக ஒன்று இருக்கிறது: தம்மைச் சார்ந்த குழந்தை உண்டு என்ற அடிப்படையில் விண்ணப்பிப்பது.

இருபது வயதுத் தாய் ஒருவர் தம் பெற்றோர் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கிறார் என்று கொள்வோம். குழந்தை அவருடையது என்பது மட்டும் போதாது. அந்தக் குழந்தையின் செலவில் பாதிக்கு மேல் அவர் ஏற்க வேண்டும், படிப்பு நடக்கும் ஆண்டு முழுவதும் அது தொடரவும் வேண்டும். வீட்டு வாடகை, மளிகை, மின்கட்டணம் ஆகியவற்றைத் தாத்தாவும் பாட்டியும் ஏற்கும் வீட்டில், அந்தக் குழந்தையை உண்மையில் காப்பாற்றுபவர்கள் அவர்களே என்று கல்லூரி முடிவு செய்யக்கூடும். அப்படி முடிவானால், 24 வயது நிறையாத, மணமாகாத அந்தத் தாய் சார்ந்த மாணவராகவே கருதப்படுவார். பெற்றோரின் வருமானத்தையும் காட்ட வேண்டி வரும்.

இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. குழந்தைக்கான உணவு, உடை, மருத்துவம், காப்பகக் கட்டணம், வீட்டுச் செலவில் குழந்தையின் பங்கு ஆகியவற்றை மாதவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பணம் யாருடையது என்று குறியுங்கள். உங்கள் சம்பளம் மட்டும் உங்கள் பங்களிப்பு என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் தந்தை உங்களிடம் தரும் பராமரிப்புத் தொகையும், உங்களுக்குக் கிடைக்கும் உணவு உதவி போன்ற அரசு உதவிகளும் நீங்கள் குழந்தைக்குத் தருவதாகவே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தாலும் இந்த வழியில் பாதியைத் தாண்டுபவர்கள் உண்டு. தாண்டினால் கணக்கையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி கேட்டால் அதே தாளைக் காட்டலாம். தாண்டாவிட்டால், தாண்டியதாக எழுதாதீர்கள். தெரிந்தே பொய்யான விவரம் தருபவருக்கு 20,000 டாலர் வரை அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்று படிவமே எச்சரிக்கிறது.

பெற்றோருடன் தொடர்பே இல்லாதவர்கள்

24 வயதுக்கு உட்பட்டவர், பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை, ஆனால் பெற்றோரை அணுகவே முடியாது அல்லது அணுகுவது ஆபத்து என்ற நிலை இருந்தால், அசாதாரணச் சூழல் இருக்கிறதா என்று படிவம் கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்று பதிலளிக்கலாம். கைவிடப்பட்டவர்கள், உறவு முறிந்தவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், பெற்றோரோ தாமோ சிறையில் இருப்பவர்கள், அகதியாகவோ தஞ்சம் பெற்றவராகவோ சட்டப்படி ஏற்கப்பட்டவர்கள் ஆகியோரின் நிலைமைகளைச் சட்டம் எடுத்துக்காட்டுகளாகக் கூறுகிறது. இலங்கையிலிருந்து தனியே வந்து தஞ்சம் பெற்ற இளைஞர் ஒருவருக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது என்பதை அவருடைய சுற்றத்தார் அறிந்திருப்பது மிகவும் தேவை.

‘ஆம்’ என்று பதிலளித்தவருக்குத் தற்காலிகமாகச் சார்பற்றவர் என்ற நிலை கிடைக்கும். பெற்றோரின் பகுதியை நிரப்பாமலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். அதன்பின் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தைத் தொடர்புகொண்டு சான்றுகளைத் தர வேண்டும். நீதிமன்ற ஆவணம், பள்ளி ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளரின் கடிதம், வழக்கறிஞரின் கடிதம், சில வேளைகளில் அலுவலர் உங்களை நேர்கண்டு எடுக்கும் குறிப்பு ஆகியவை ஏற்கப்படும். இத்தகைய வேண்டுகோள்களை ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கையைக் கல்லூரிகள் வைத்திருக்க முடியாது. ஒவ்வொருவரின் நிலையையும் தனியே பார்த்தாக வேண்டும். ஆனால் கல்லூரியின் முடிவே இறுதியானது. கல்வித் துறையிடம் அதற்கு மேல்முறையீடு இல்லை.

நான்கு காரணங்கள் மட்டும், தனித்தோ சேர்ந்தோ, இதற்குப் போதாது. பெற்றோர் படிப்புக்குப் பணம் தர மறுப்பது, படிவத்துக்கு விவரம் தர மறுப்பது, வரிக் கணக்கில் உங்களைச் சேர்க்காமல் இருப்பது, நீங்கள் சொந்தக் காலில் நிற்பது ஆகியவையே அவை. பணம் நிறைந்த வீட்டில் பிறந்து, ஒரு காசும் பெறாமல் படிக்கும் பிள்ளைக்கு இது பெருங்கொடுமை. சட்டம் இந்த இடத்தில் மாணவருக்கு நியாயம் செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன். அத்தகையவருக்கு எஞ்சியிருப்பது ஒரு சிறு வழி: பெற்றோர் விவரம் தர மறுப்பதைப் படிவத்தில் குறிப்பிட்டால், கல்லூரி அதைப் பரிசீலித்து, படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் அரசுக் கடனை மட்டும் வழங்கலாம். பெல் கிராண்ட் போன்ற திருப்பிச் செலுத்த வேண்டாத உதவி கிடைக்காது.

உறவு முறிந்தது என்று விண்ணப்பிப்பவர் தமக்கு இன்னும் பெற்றோரிடமிருந்து ஏதேனும் வந்துகொண்டிருந்தால், உதாரணமாகத் தொலைபேசிக் கட்டணமோ மருத்துவக் காப்பீடோ தொடர்ந்தால், அதை மறைக்காமல், எதற்காக, எப்போதிலிருந்து, யார் வழியாக என்று கடிதத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. அலுவலர் பின்னால் தாமாகக் கண்டுபிடித்தால் உங்கள் மற்ற சொற்களின் மீதும் ஐயம் விழும்.

அடுத்த படி: வரும் பணத்தை வகை பிரியுங்கள்

சார்பற்றவர் என்பது உறுதியானபின்தான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். இங்கே 2024-25 கல்வியாண்டு ஓர் எல்லைக்கோடு. அதற்கு முன்பு ஃபாஃப்ஸாவில், உங்களுக்கு வந்த பணத்தையும் உங்கள் சார்பில் பிறர் கட்டிய தொகைகளையும் வரியில்லா வருமானமாக எழுதச் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தது. சார்பற்ற மாணவருக்குப் பெற்றோர் வாடகை கட்டினால், அந்த வாடகை அவருடைய வருமானத்தில் ஏறியது. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்ஸா எளிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. இன்றும் பலர் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பழைய விதிக்கு அஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைய நிலை இதுதான். பெற்றோர் உங்கள் வீட்டு உரிமையாளருக்கு நேரே செலுத்தும் வாடகை, கட்டும் தொலைபேசி, காப்பீட்டுக் கட்டணங்கள், வாங்கித் தரும் மளிகை, இலவசமாகத் தரும் அறை, பிறந்தநாளுக்கு அனுப்பும் பணம் எதுவும் ஃபாஃப்ஸாவில் உங்கள் வருமானம் ஆகாது. பெற்றோர் கொடுக்கும் கைம்மாற்றும் வருமானம் அல்ல. படிவம் உங்கள் வருமானத்தை வரிக் கணக்கிலிருந்தே எடுக்கிறது. 2026-27-க்கு 2024-ஆம் ஆண்டின் வரிக் கணக்கு, நீங்கள் ஒப்புதல் அளித்தபின் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இலிருந்து நேரே வந்து சேர்கிறது. அன்பளிப்பு பெறுபவருக்கு அமெரிக்காவில் வருமான வரி இல்லை என்பதால், அது வரிக் கணக்கிலும் இடம்பெறாது.

பெற்றோரின் தொழிலில் நீங்கள் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினால் மட்டும் கதை வேறு. அது அன்பளிப்பு அல்ல, சம்பளம். வரிக் கணக்கிலும் படிவத்திலும் முழுதாக ஏறும்.

பெற்றோர் வீட்டில் தங்குவது வருமானத்தைக் கூட்டாவிட்டாலும் மற்றொரு பக்கத்தில் தாக்கம் உண்டாக்கும். ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆண்டுக்கான கல்விச் செலவு மதிப்பீட்டைத் தயாரிக்கிறது. மொத்த உதவி அதைத் தாண்டக் கூடாது. பெற்றோருடன் வசிக்கும் மாணவருக்கு அந்த மதிப்பீட்டில் வீட்டுச் செலவு குறைவாக வைக்கப்படும். பெல் கிராண்டில் இதனால் பெரும்பாலும் மாற்றம் இராது. கடன் வாங்கக்கூடிய உச்சவரம்பும் கல்லூரியின் சொந்த உதவியும் குறையலாம். பெற்றோருக்கு நீங்கள் உண்மையிலேயே வாடகை செலுத்துகிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தையும் வங்கிச் சான்றையும் காட்டி மதிப்பீட்டைத் திருத்தக் கேட்கலாம்.

வங்கிக் கணக்கும் பங்குகளும்

பெற்றோரின் பணம் சத்தமில்லாமல் தீங்கு செய்யும் இடம் சொத்துப் பகுதிதான். மளிகைக்கும் வாடகைக்கும் அஞ்சுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வருமானத்தைப் போலன்றி, சொத்து என்பது நீங்கள் படிவத்தில் கையொப்பமிடும் நாளில் உங்கள் பெயரில் இருப்பது. அன்று உங்கள் வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் யார் தந்தது என்று யாரும் கேட்பதில்லை, அது உங்களுடையது. குழந்தையோ வேறு சார்ந்தோரோ இல்லாத சார்பற்ற மாணவருக்கு அந்தச் சொத்தில் 20 விழுக்காடு மாணவர் உதவிக் குறியீட்டெண்ணில் (படிவ விவரங்களை வைத்துக் கணக்கிடப்படும் எண்; அது உயர்ந்தால் உதவி குறையும்) சேர்கிறது. சார்ந்தோர் இருந்தால் 7 விழுக்காடு மட்டுமே கணக்கில் எடுக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு. தனியாக வாழும் 25 வயது மாணவருக்கு 2024-இல் வருமானம் 30,000 டாலர். அடுத்த ஆண்டுச் செலவுக்கென்று பெற்றோர் 10,000 டாலரை அவர் கணக்கில் போட, அடுத்த வாரமே அவர் விண்ணப்பத்தை அனுப்பினார். சொத்து கணக்கில் எடுக்கப்படுமானால் குறியீட்டெண் 2,000 டாலர் உயரும். பெல் கிராண்டின் உச்சத் தொகையான 7,395 டாலரிலிருந்து குறியீட்டெண்ணைக் கழித்தே பெரும்பாலோருக்குத் தொகை நிர்ணயிக்கப்படுவதால், அவருடைய கிராண்டில் 2,000 டாலர் வரை குறையலாம். அதே 10,000 டாலரைப் பெற்றோர் தம் கணக்கிலேயே வைத்திருந்து, மாதந்தோறும் வாடகையாக வீட்டு உரிமையாளருக்குச் செலுத்தியிருந்தால் எந்தக் குறைவும் இல்லை. ஆகவே, பெரிய தொகை தர நினைக்கும் பெற்றோரிடம், மொத்தமாக அனுப்பாமல் செலவு வரும்போது நேரே கட்டும்படி கேளுங்கள்.

‘சொத்து கணக்கில் எடுக்கப்படுமானால்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்களும் துணைவரும் சேர்ந்து பெறும் வருமானம் 60,000 டாலருக்குக் குறைவாக இருந்து, வரிக் கணக்கில் ஏ, பி, டி, இ, எஃப், எச் என்ற இணைப்புகள் எதுவும் இல்லாமல், சொந்தத் தொழிலுக்கான சி இணைப்பில் லாபமோ நட்டமோ 10,000 டாலரைத் தாண்டாமல் இருந்தால், சொத்து விவரம் கணக்கிலேயே சேராது. சார்பற்ற மாணவர்களில் பலர் இந்த விலக்குக்குள் வருவார்கள். இதைக் கெடுத்துவிடும் அன்பளிப்பு ஒன்று இருக்கிறது: பங்குகள். விலை ஏறிய பங்குகளைப் பெற்றோர் உங்கள் பெயருக்கு மாற்றி, நீங்கள் அவற்றை விற்றால், கிடைத்த லாபம் உங்கள் வருமானத்தில் ஏறும். விற்பனையைக் காட்டப் பொதுவாக டி இணைப்பும் தேவைப்படும். வருமானமும் கூடி, சொத்து விலக்கும் போய்விடும். தாக்கம் இரண்டு ஆண்டுகள் கழித்தே தெரியும் என்பதால், காரணம் புரியாமல் திகைப்பவர்களும் உண்டு. பெற்றோர் பங்குகளைத் தம் பெயரிலேயே விற்று, பணத்தைச் செலவுக்குத் தருவது உங்கள் நிதியுதவிக்குப் பாதுகாப்பானது. அவர்களுடைய வரி எவ்வளவாகும் என்பதை அவர்கள் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரும் நீங்களும் கூட்டாக வைத்திருக்கும் கணக்கில் உங்கள் பங்கை மட்டும் காட்டினால் போதும். சிறுவயதில் உங்கள் பெயரில் தொடங்கப்பட்ட பாதுகாவலர் கணக்கு உங்களுடைய சொத்து. பெற்றோர் உரிமையில் இருக்கும் 529 கல்விச் சேமிப்புக் கணக்கு, நீங்கள் சார்பற்றவரானபின் உங்கள் ஃபாஃப்ஸாவில் இடம்பெறாது. அதிலிருந்து கல்விச் செலவுக்கு எடுக்கும் பணமும் இடம்பெறாது. அந்தக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் அது உங்கள் சொத்தாகிவிடும் என்பதால், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. குழந்தை இல்லாத சார்பற்ற மாணவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 175 விழுக்காட்டுக்குள் இருந்தால், முழு பெல் கிராண்டுக்கும் தகுதி உண்டு. தனித்துக் குழந்தை வளர்ப்பவருக்கு வரம்பு 225 விழுக்காடு. தனி ஆளுக்கு 2024-ஆம் ஆண்டின் அளவுப்படி 175 விழுக்காடு என்பது ஏறத்தாழ 26,000 டாலர். இவ்வளவு குறைந்த வருமானத்தில் எப்படி வாழ்ந்தீர்கள் என்று சில கல்லூரிகள் கேட்கும். பெற்றோர் வாடகையும் உணவும் பார்த்துக்கொண்டார்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதில் உங்கள் தகுதியைப் பறிக்காது. கணக்கு பொருந்துகிறதா என்றே அவர்கள் பார்க்கிறார்கள்.

கல்லூரி தன் பணத்தைத் தரும்போது

இதுவரை சொன்னவை அரசின் பணத்துக்கான விதிகள். தனியார் கல்லூரிகள் பல தம் சொந்த நிதியைப் பகிர்ந்தளிக்க, காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வேறொரு படிவத்தைக் கேட்கின்றன. அங்கே ஃபாஃப்ஸாவின் விலக்குகள் தாமாகச் செல்லாது. உங்களை அரசு சார்பற்றவர் என்று ஏற்றாலும் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு. உறவினர் தரும் பணத்தையும் கேட்கக்கூடும். சட்டப் படிப்பு, மருத்துவப் படிப்பு நிறுவனங்களில் முப்பது வயது மாணவரிடம்கூடப் பெற்றோரின் வரிக் கணக்கைக் கேட்பது புதிதல்ல. எனவே சேர விரும்பும் ஒவ்வொரு கல்லூரிக்கும் முன்கூட்டியே எழுதி மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: எந்தப் படிவம் தேவை, சார்பற்ற மாணவரின் பெற்றோர் விவரம் கட்டாயமா, பெற்றோர் தரும் பணத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள். பதிலை மின்னஞ்சலில் பெறுவது நல்லது. வாய்ச்சொல் ஆள் மாறினால் மாறும்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) பெறுவது இன்னொரு தனி விதி. வேறு மாநிலத்தில் வாழும் பெற்றோர் பணம் அனுப்பினாலோ வரிக் கணக்கில் உங்களைச் சேர்த்தாலோ, 24 வயதுக்கு உட்பட்டவரை உள்மாநிலத்தவராக ஏற்க மறுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஃபாஃப்ஸாவில் சார்பற்றவர் என்பது அங்கே விடை ஆகாது.

கடனும் வரியும்

சார்ந்த மாணவருக்கு முதலாண்டில் அரசின் நேரடிக் கடன் 5,500 டாலர் வரை. சார்பற்றவருக்கு 9,500 டாலர் வரை. இளங்கலைக் காலம் முழுவதற்கும் மொத்த வரம்பு முறையே 31,000, 57,500 டாலர். ஆனால் பெற்றோர் தம் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன் சார்ந்த இளங்கலை மாணவர்களுக்கு மட்டுமே உரியது. நீங்கள் சார்பற்றவரானதும் அந்தக் கதவு மூடிவிடும். கடன் வழியாகவே உதவ நினைக்கும் பெற்றோருக்கு எஞ்சுவது தனியார் கடனில் இணைக் கையொப்பமிடுவது. மாணவர் கட்டத் தவறினால் முழுச் சுமையும் அவர்கள் தலையில் விழும் என்பதால், அரசுக் கடன் வரம்பு தீர்ந்தபின் கடைசி வழியாகவே இதை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதுகலை மாணவர்களுக்கு இது இப்போது இன்னும் கூர்மையாகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கான அரசுக் கடனான கிராட் பிளஸ் இல்லை. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலரும், சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 50,000 டாலரும் வரம்பு. இடைவெளியைப் பெற்றோர் நிரப்ப நேர்ந்தால், கட்டணத்தைக் கல்லூரிக்கே நேரே செலுத்துவது அவர்களுக்கு ஒரு நன்மை தரும்: அப்படிச் செலுத்தும் கல்விக் கட்டணம் அன்பளிப்பு வரிக் கணக்கில் சேராது. உங்கள் கையில் தரும் பணத்துக்கோ 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலர் என்ற ஆண்டு வரம்பு உண்டு. தாண்டினால் பெற்றோர் அன்பளிப்பு வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

வரிக் கணக்கில் உங்களை யார் சேர்ப்பது என்பதைப் பெற்றோருடன் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இளங்கலை மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி வரிச் சலுகையை, மாணவரை ஒருவர் சார்ந்தவராகக் காட்டினால் அவர்தான் பெற முடியும். இருவரும் தனித்தனியே உரிமை கோரினால் ஐ.ஆர்.எஸ். ஒன்றை நிராகரிக்கும்.

விண்ணப்பம் அனுப்பும் நாளும் அதன்பிறகும்

விண்ணப்பத்துக்கு முன்பு உங்கள் கோப்பில் இருக்க வேண்டியவை: தகுதிக்கான சான்று, வரிக் கணக்கின் நகல், கையொப்பமிடும் நாளின் வங்கி இருப்பு, பெற்றோர் நேரே கட்டிய செலவுகளின் பட்டியல். மணமானவர்கள் சேர்ந்து வரி தாக்கல் செய்யாவிட்டால் துணைவரும் தம் பகுதியை நிரப்பி ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தராவிட்டால் கூட்டாட்சி உதவி எதுவும் கிடைக்காது. கூட்டாட்சிக் கெடு ஜூன் 30, 2027 வரை நீண்டாலும், மாநிலங்களும் கல்லூரிகளும் வைக்கும் கெடு பல மாதங்கள் முன்னதாகவே முடியும்; சில நிதிகள் முதலில் வருபவருக்கே கிடைக்கும்.

உதவிக் கடிதம் வந்தபின், படிவத்தில் காட்டிய ஆண்டுக்குப் பிறகு வேலை போயிருந்தாலோ, மருத்துவச் செலவு கூடியிருந்தாலோ மறுபரிசீலனை கேளுங்கள். பெற்றோர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்ற காரணத்துக்கு மட்டும் குறியீட்டெண் குறையாது, ஏனெனில் அந்தப் பணம் முதலிலேயே எண்ணப்படவில்லை. ஆயினும் அதைத் தெரிவிப்பது பயன்படும். கல்லூரிகள் பலவற்றில் அவசர நிதியும் வளாக வேலைகளும் உண்டு, அவற்றுக்கு அலுவலரின் பரிந்துரை உதவும்.

ஃபாஃப்ஸாவை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அனுப்ப வேண்டும். அசாதாரணச் சூழல் காரணமாகச் சார்பற்றவர் என்று ஒரு கல்லூரி ஏற்றுக்கொண்டால், நிலைமை மாறாதவரை அதே கல்லூரியில் அடுத்த ஆண்டுகளிலும் அது தொடரும். வேறு கல்லூரிக்கு மாறினால் அங்கே மீண்டும் சான்று தர வேண்டியிருக்கும் என்பதால், கடிதங்களின் மூலப்படிகளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.